‘முன்னாள்’ வரும் இடமெல்லாம் ‘எக்ஸ்’ போட்டுவிடலாமா?

ஊர்மலர் கேட்டது:

ஒரு நகராட்சியின் நூற்றாண்டு மலரைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறேன். 140 பக்கம். முழுக்க முழுக்க இன்று இல்லாதவற்றைப் பற்றிய எழுத்து. தமிழில் ‘முன்னாள்’, ‘மறைந்த’, ‘அப்போதைய’, ‘பழைய’, ‘ஒருங்கிணைந்த’ என்று ஐந்தாறு சொல்லில் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’, ‘ஃபார்மர்’, ‘லேட்’, ‘எர்ஸ்ட்வைல்’, ‘தி தென்’, ‘ஒன்டைம்’, ‘பிரிவியஸ்’ என்று வரிசை கட்டி நிற்கின்றன. முதல் வரைவில் ‘எர்ஸ்ட்வைல்’ மட்டும் ஒரே பக்கத்தில் ஒன்பது இடத்தில் விழுந்திருக்கிறது.

சிக்கிய வரிகள் இவை: ‘முன்னாள் நகர்மன்றத் தலைவர்’ (காலமாகிவிட்டார்). ‘அப்போதைய முதலமைச்சர் அண்ணா’. ‘ஒருங்கிணைந்த தென்னாற்காடு மாவட்டம்’. ‘பழைய பேருந்து நிலையம்’. ‘மூடப்பட்ட அரிசி ஆலை’. ‘இங்கே ஒரு குளம் இருந்தது, செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மாட்டுவண்டிகள் வந்து கரையில் நிற்கும்.’

எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பிடிமானம் கிடைத்தால் போதும்.

---

ஒற்றெழுத்து எழுதியது:

சொல்லைத் தேடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இல்லாமல் போனது எது? ஆளா, பதவியா, பெயரா, பொருளா, உறவா, வழக்கமா? தமிழில் ‘முன்னாள்’ இவற்றில் பாதியைத் தாங்கிவிடும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல்.

பதவி போய், ஆள் இருந்தால் ‘ஃபார்மர்’. ‘எக்ஸ்’ என்பதும் அதே பொருள்தான். ஆனால் அது தலைப்புச் செய்திக்கு ஏற்ற சொல். இடம் மிச்சமாகும், மரியாதை சற்றுக் குறையும். ‘எக்ஸ்’ என்று தனியாக நிறுத்தினால் முறிந்த உறவைத்தான் குறிக்கும். நூற்றாண்டு மலருக்கு ‘ஃபார்மர்’தான். ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ மட்டும் விலக்கு. அது நிலைத்துப்போன வழக்கு, அரசுத் துறையின் பெயரிலேயே இருக்கிறது.

‘எக்ஸ்’ போட்டால் இன்னொரு தொல்லை, அது எந்தச் சொல்லைத் தொடுகிறது என்று தெரியாது. ‘எக்ஸ்-காங்கிரஸ் லீடர்’ என்றால் கட்சியை விட்டவரா, கட்சியில் இருந்துகொண்டே பொறுப்பை இழந்தவரா? தமிழில் ‘முன்னாள் காங்கிரஸ் தலைவர்’ என்பதிலும் இதே குழப்பம் உண்டு. ஆகவே மூலத்திலேயே நின்று, எது என்று உறுதிசெய்துகொண்டு மேலே போகவேண்டும். பிறகு ஆங்கிலத்தில் விரித்து எழுதுங்கள்: காங்கிரசின் முன்னாள் தலைவர் என்றால் ‘ஃபார்மர் பிரெசிடென்ட் ஆஃப் தி காங்கிரஸ்’, காங்கிரசை விட்டவர் என்றால் ‘ஹூ லேட்டர் லெஃப்ட் தி காங்கிரஸ்’.

‘பிரிவியஸ்’ என்பது இப்போது இருப்பவருக்கு நேர் முன்னவர். ஒரே ஒருவர்தான். ‘ஃபார்மர்’ எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். தமிழில் இவை ‘முந்தைய தலைவர்’, ‘முன்னாள் தலைவர்’ என்று பிரிந்தேதான் இருக்கின்றன, எழுதுபவர்தான் கலந்துவிடுகிறார். ரோட்டரி போன்ற சங்கங்களில் ‘பாஸ்ட் பிரெசிடென்ட்’ என்பார்கள், உடனடி முன்னவர் ‘இமீடியட் பாஸ்ட் பிரெசிடென்ட்’. உங்கள் மலரில் சங்கத்து வாழ்த்துரைகள் இருந்தால் அவர்கள் போட்டுக்கொள்ளும் பட்டத்தை மாற்றாதீர்கள்.

ஆள் போய்விட்டால் ‘லேட்’. இங்கேதான் அதிகம் வழுக்குகிறது.

ஒன்று, ‘தி’ இல்லாமல் ‘லேட்’ நிற்காது. ‘தி லேட்’, அல்லது ‘மை லேட் ஃபாதர்’, ‘ஹிஸ் லேட் வைஃப்’. ‘லேட் திரு. இன்னார்’ என்பது நம் அழைப்பிதழ் ஆங்கிலம்.

இரண்டு, ‘தி லேட் சீஃப் மினிஸ்டர்’ என்றால் பதவியிலேயே இறந்தவர் என்ற வாடை வரும். அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று முதலமைச்சராக இருக்கும்போதே மறைந்தார், அவருக்குப் பொருந்தும். குடியரசுத் தலைவர்களில் 1969இல் ஜாகிர் உசேன், 1977இல் பக்ருதீன் அலி அகமது இருவரும் பதவியில் இறந்தவர்கள். அப்துல் கலாம் 2007இல் பதவி முடித்து, 2015இல் மறைந்தார். அவரை ‘தி லேட் பிரெசிடென்ட்’ என்று எழுதினால் விவரம் தெரியாதவர் தப்பாகப் புரிந்துகொள்வார். ‘ஃபார்மர் பிரெசிடென்ட், தி லேட் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்’ என்று பிரித்துப் போடவேண்டும். உங்கள் நகர்மன்றத் தலைவருக்கும் இதே அமைப்பு.

மூன்று, உயிரோடு இருந்தபோது செய்த செயலுக்கு ‘லேட்’ எழுவாயாக வரக்கூடாது. ‘தி லேட் சேர்மன் 1958இல் அடிக்கல் நாட்டினார்’ என்று எழுதினால் இறந்தவர் எழுந்துவந்து நாட்டியதுபோல ஆகிவிடும். அந்த வாக்கியத்தில் பெயரும் பதவியும் ஆண்டும் போதும்.

நான்கு, ‘லேட்’டுக்கு ஆயுள் உண்டு. இறந்து ஒரு தலைமுறைக்குள், படிப்பவர்களில் சிலருக்காவது அவரைத் தெரிந்திருக்கும் காலம்வரை. 1930களில் இருந்தவருக்கெல்லாம் அது வேண்டியதில்லை. தமிழில் ‘மறைந்த’ என்று மூலத்தில் இருந்தாலும் விட்டுவிடலாம்.

‘அப்போதைய’ என்பதை ‘தி தென்’ என்று எழுதுவது சரிதான், ஆனால் பாதி இடங்களில் தேவையே இல்லை. ‘1967 ஜூலை 18 அன்று, அப்போதைய முதலமைச்சர் அண்ணா காலத்தில், பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது’ என்பதில் ஆண்டும் நாளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘சீஃப் மினிஸ்டர் அண்ணாதுரை’ என்றாலே அன்றைய முதல்வர் என்றுதான் படிப்பார்கள். ஆண்டு எங்கும் சொல்லாத வரியில்தான் ‘தி தென்’ வேலை செய்யும்.

---

பத்திரநகல் எழுதியது:

ஒற்றெழுத்து சொன்னதோடு ஒரு பெரிய குழியைச் சேர்க்கவேண்டும். மலரில் அரசு ஆணைகளோ கூட்டுறவுச் சங்கப் பட்டியல்களோ வருமென்றால் ‘எக்ஸ்-அஃபிஷியோ’ என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் ‘முன்னாள்’ என்பதற்கும் தொடர்பே இல்லை. லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் ‘இருந்து’, ‘வெளியே’. பதவியிலிருந்து வரும் உறுப்புரிமை, அதாவது பதவிவழி உறுப்பினர். மாவட்ட ஆட்சியர் ஒரு குழுவுக்கு ‘எக்ஸ்-அஃபிஷியோ சேர்மன்’ என்றால் ஆட்சியராக இருப்பதாலேயே தலைவர். இதை ‘முன்னாள் அலுவலர்’ என்று தமிழாக்கியதும், திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘எக்ஸ்-ஆஃபீசர்’ ஆனதும் உண்டு. அதே குடும்பம்தான் ‘எக்ஸ்-ஷோரூம்’ விலை, ‘எக்ஸ் கிரேஷியா’ (கருணைத்தொகை), ‘எக்ஸ் பார்ட்டே’ (ஒருதலைத் தீர்ப்பு). எதிலும் ‘முன்னாள்’ கிடையாது.

பெயர்கள் பற்றி. ‘என்கிற’ வேறு, ‘முன்பு’ வேறு. நம் பத்திரங்களில் அட் குறி போட்டு ‘என்கிற’ என்று படிக்கிறோமே, அது ‘எலியஸ்’. இரண்டு பெயரும் ஒரே சமயத்தில் புழங்குகின்றன என்று பொருள். ஒரு பெயரை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தவருக்கு ‘ஃபார்மர்லி’ அல்லது ‘ஃபார்மர்லி நோன் ஆஸ்’. அரசிதழில் பெயர் மாற்றியவரை ‘எலியஸ்’ என்று எழுதினால் பழைய பெயரும் இன்னும் நடப்பில் இருப்பதாக ஆகும். மேலும் குற்றவழக்குச் செய்திகளில் பழகிப்போன சொல் அது, நன்கொடையாளர் பட்டியலில் போட்டால் நன்றாயிராது.

திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயருக்கு ‘நே’. பிரெஞ்சில் ‘பிறந்த’ என்று பொருள். அதன்பின் குடும்பப் பெயர் மட்டும் வரும்: ‘இந்திரா காந்தி, நே நேரு’. ‘நே இந்திரா நேரு’ என்று முழுப்பெயரை மறுபடி எழுதுவதில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு முதலெழுத்து தந்தை பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறுவதுதான் நடப்பு, குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆகையால் பெரும்பாலும் இந்தச் சொல் நமக்குப் பயன்படாது. ‘டாட்டர் ஆஃப்’ என்று நேராக எழுதுங்கள்.

மலரில் விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள் சமீபத்தில் பெயர் மாற்றியிருந்தால், பழைய பெயரை வெட்டிவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 12இன்படி, கடந்த 2 ஆண்டுக்குள் மாற்றிய பெயரைப் புதிய பெயரோடு சேர்த்துப் பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் காட்டவேண்டும். அவர்கள் அனுப்பும் வடிவத்தை அப்படியே வையுங்கள். அங்கே ‘ஃபார்மர்லி’ என்ற வினையடைதான் வரும், ‘ஃபார்மர்’ வராது. ‘ஃபார்மர் ட்விட்டர்’ என்று எழுதினால் நிறுவனமே போய்விட்டதாகப் படும். ‘எக்ஸ், ஃபார்மர்லி ட்விட்டர்’ என்றால் பெயர் மட்டும் போனது.

---

வினைமுற்று எழுதியது:

குளமும் மாட்டுவண்டியும் வரும் வரிக்கு வருகிறேன். மலர் முழுக்க இந்த மாதிரி வாக்கியங்கள்தான் இருக்கும், ஆகவே இதைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழில் ‘அந்தக் காலத்தில் வண்டிகள் வரும், நிற்கும், சனம் இறங்கும்’ என்று எழுதுகிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகால வழக்கம். இந்த அழகு நம் மொழிக்குச் சொந்தம், காதுக்குப் பழகியது. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு கருவிகள்: ‘யூஸ்ட் டு’, ‘வுட்’. இரண்டாவதைப் பாருங்கள், அதுவும் எதிர்காலச் சாயலுள்ள துணைவினைதான். நம் ‘வரும்’ போலவே வேலை செய்கிறது. இந்த ஒற்றுமை தெரிந்தால் கை தானாகப் பழகிவிடும்.

ஆனால் ‘வுட்’ திரும்பத்திரும்ப நடந்த செயலுக்கு மட்டும். இருப்பு, உடைமை, நிலை ஆகியவற்றுக்கு வராது. ‘இங்கே ஒரு குளம் இருந்தது’ என்பதை ‘தேர் வுட் பி எ டேங்க்’ என்றால் தப்பு. ‘தேர் யூஸ்ட் டு பி எ டேங்க் ஹியர்’. வெறும் ‘தேர் வாஸ் எ டேங்க்’ என்றும் எழுதலாம், ஆனால் அதில் இன்று குளம் இல்லை என்ற செய்தி கிடையாது. ‘யூஸ்ட் டு’வில் அந்த இழப்பு உள்ளேயே இருக்கிறது.

பத்தியை அமைக்கும் முறை: முதல் வாக்கியத்தில் ஒரு ‘யூஸ்ட் டு’ வைத்துக் காலத்தை நாட்டுங்கள். அடுத்த இரண்டு மூன்றில் ‘வுட்’. அதன்பின் சாதாரண இறந்தகாலத்துக்கு இறங்கிவிடுங்கள். எல்லா வாக்கியத்திலும் ‘யூஸ்ட் டு’ போட்டால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலக் கேட்கும். உங்கள் வரி இப்படி வரும்: ‘தேர் யூஸ்ட் டு பி எ டேங்க் ஹியர். ஆன் டியூஸ்டேஸ் புல்லக் கார்ட்ஸ் வுட் கம் டு தி மார்க்கெட் அண்ட் வெயிட் ஆன் இட்ஸ் பேங்க்.’ இரண்டாம் வாக்கியத்தில் ‘வெயிட்’டுக்கு முன்னால் இன்னொரு ‘வுட்’ வேண்டாம், முதலில் வந்ததே இரண்டையும் தாங்கும்.

கால அளவும் எண்ணிக்கையும் வந்தால் இரண்டு கருவியும் விலகிக்கொள்ளும். ‘ஹி யூஸ்ட் டு லிவ் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ தவறு. பத்து ஆண்டு என்று அளந்துவிட்டால் ‘ஹி லிவ்ட்’. மூன்று முறை வந்தார் என்றால் ‘கேம் த்ரீ டைம்ஸ்’. அளவில்லாத பழக்கத்துக்குத்தான் ‘யூஸ்ட் டு’.

நம்மவர் ஆங்கிலத்தில் ஒரு பிழை ஆழமாக ஊறிப்போயிருக்கிறது: இன்றும் தொடரும் பழக்கத்துக்கு ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்பது. தமிழில் ‘ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன்’ என்ற ஒரே வடிவம் இன்றைய பழக்கத்துக்கும் அன்றைய பழக்கத்துக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் இப்போது எழுவதில்லை என்று சொல்லும். மலரில் ‘ஆண்டுதோறும் தேர் ஓடும்’ என்று இருந்தால், இன்றும் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பதிப்பாசிரியரிடம் கேட்காமல் மொழிபெயர்க்காதீர்கள். ஓடும் தேரை நிறுத்திவிடுவீர்கள்.

எதிர்மறையில் எழுத்து மாறும்: ‘டிடின்ட் யூஸ் டு’, அங்கே கடைசி ‘டி’ கிடையாது. ‘பி யூஸ்ட் டு’ வேறு, அது பழகிப்போவது. பின்னால் ‘இங்’ வடிவம் வரும்.

இன்னொன்று, ‘நோ மோர்’. ஒருவரைப் பற்றி ‘ஹி இஸ் நோ மோர்’ என்றால் இறந்துவிட்டார். பதவியில் இல்லை என்று சொல்ல ‘நோ லாங்கர்’. உயிரோடு இருப்பவரைப் பற்றி அச்சில் இது தவறி வந்தால் திருத்தம் போட்டும் ஆறாது.

---

ஊர்மலர் எழுதியது:

மிகுந்த நன்றி. தேர் வரி நான்கு இடத்தில் இருக்கிறது, நான்கிலும் கேட்டுவிடுகிறேன். இடங்களும் கட்டடங்களும் இன்னும் பாக்கி. ‘எர்ஸ்ட்வைல்’ என்பதை முழுக்க எடுத்துவிடவேண்டுமா? ஊர்ப் பெயர்களுக்குப் பழையதா, புதியதா?

---

வடமராட்சி வாசகர் எழுதியது:

ஊர்ப்பெயர் பற்றி இலங்கைப் பக்கத்திலிருந்து. தமிழில் எக்காலத்துக்கும் ‘இலங்கை’ என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 1972 மே 22 வரை ‘சிலோன்’, அதன்பின் ‘ஸ்ரீ லங்கா’. ஆகவே ஒவ்வொரு வசனத்துக்கும் ஆண்டைப் பார்க்கவேண்டும். 1948இல் சுதந்திரம் பெற்றது ‘சிலோன்’தான். தேயிலைக்கு மட்டும் இன்றைக்கும் ‘சிலோன் டீ’, அந்தப் பெயர் முன்னாள் பெயர் அல்ல.

உங்கள் சென்னைக்கும் இதே கதைதான். தமிழில் நெடுங்காலமாகச் ‘சென்னை’. ஆங்கிலத்தில் 1996 வரை ‘மெட்ராஸ்’. ‘சென்னை மாகாணம்’ என்று மூலத்தில் இருந்தால் ‘மெட்ராஸ் பிரெசிடென்சி’. உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ் பெயரோடுதான் இருக்கின்றன. அவற்றை மாற்றவும் கூடாது, முன்னால் ‘ஃபார்மர்’ போடவும் கூடாது.

மலரில் பழைய மாணவர் சங்கச் செய்தி வந்தால்: யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘ஓல்ட் பாய்ஸ் அசோசியேஷன்’ என்று பாவிப்போம், இந்தியாவில் ‘அலும்னி’. ஒருவர் என்றால் ‘அலும்னஸ்’, பெண் என்றால் ‘அலும்னா’. ‘அலும்னி’ பன்மை. ‘ஓல்ட்’ என்பதை வயதானவர் என்று யாரும் எடுக்கமாட்டார்கள். மரண அறிவித்தல்களில் வரும் ‘அமரர்’, முஸ்லிம் மக்கள் எழுதும் ‘மர்ஹூம்’ இரண்டுக்கும் ‘தி லேட்’ சரி, ஆனால் குடும்பத்தார் கேட்டால் ‘மர்ஹூம்’ என்பதை அப்படியே விடுவது நல்லது.

---

ஒற்றெழுத்து எழுதியது:

‘எர்ஸ்ட்வைல்’: பழைய ஆங்கிலத்தில் ‘முன்’ என்று பொருள்படும் சொல்லின் உச்ச வடிவம் ‘எர்ஸ்ட்’, அதோடு காலத்தைக் குறிக்கும் ‘வைல்’. பொருள் ‘ஃபார்மர்’ தான். இந்திய ஆங்கிலத்தில் சமஸ்தானம், மாவட்டம், மாநிலம் மூன்றுக்கும் அன்றாடச் சொல்லாகிவிட்டது. பிற நாட்டவருக்குப் பழம்பாணியாகத் தெரியும். சிலர் அதைப் ‘போற்றத்தக்க’ என்ற பொருளில் தவறாகப் புரிந்துகொள்வதும் உண்டு. மலர் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்கும் போகும் அல்லவா, அதனால் கலைக்கப்பட்ட சமஸ்தானத்துக்கு ஓரிடத்தில் வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் ‘ஃபார்மர்’ ஆக்குங்கள். ‘முன்னாள்’ என்றே பொருள்படும் ‘குவொன்டம்’, ‘வைலம்’ போன்ற பழஞ்சொற்கள் அகராதியிலேயே இருக்கட்டும்.

‘ஒருங்கிணைந்த தென்னாற்காடு’ என்பதை ‘இன்டெக்ரேட்டட்’ என்று எழுதினால் பின்னால் ஒன்றுசேர்த்தது போலாகும். நடந்ததோ பிரிப்பு: 1993இல் கடலூர், விழுப்புரம், 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி. ‘அன்டிவைடட்’ என்பதே பொருந்தும். முதல்முறை வரும்போது இன்றைய மூன்று மாவட்டப் பெயரையும் சேர்த்துவிட்டு, பிறகு ‘சவுத் ஆற்காடு’ என்று மட்டும் எழுதலாம்.

‘பழைய பேருந்து நிலையம்’ கவனம். சேலத்திலும் தஞ்சாவூரிலும் அது இன்றும் பேருந்து வந்துபோகும் இடத்தின் பெயர். ‘ஃபார்மர் பஸ் ஸ்டாண்ட்’ என்றால் இடித்துக் கடை கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். நிலையம் இயங்கினால் ‘ஓல்ட் பஸ் ஸ்டாண்ட்’ என்று சிறப்புப் பெயராகவே எழுதுங்கள்.

அரிசி ஆலைக்கு, எது நின்றது என்று பாருங்கள். நிறுவனம் கலைந்திருந்தால் ‘டிஃபங்க்ட்’. கட்டடம் நிற்கிறது, வேலை நடக்கவில்லை என்றால் ‘டிஸ்யூஸ்ட்’. 2001இல் மூடிய கோலார் தங்கச் சுரங்கம் போன்றவற்றுக்கு அதுதான். கூரை சரிந்து செடி முளைத்திருந்தால் ‘டெரலிக்ட்’. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி ரயில் நிலையத்துக்கு இவை எல்லாம் பற்றாது, அது ‘ரூயின்ஸ்’. ஒரு சேவையை முடிவெடுத்து நிறுத்தினால் ‘டிஸ்கன்டின்யூட்’: 2013 ஜூலையில் நிறுத்திய தந்தி. அதையே புழக்கத்திலிருந்து காலாவதியான தொழில்நுட்பம் என்ற கோணத்தில் சொன்னால் ‘ஆப்சலீட்’.

‘எக்ஸ்டிங்க்ட்’ உயிரினத்துக்கு, இடத்தைச் சேர்த்தே சொல்லவேண்டும். சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. ஈரானிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்துகொண்டே இருந்தது. ஊர்க் குளத்தில் முன்பு இருந்த ஒரு மீன் இப்போது இல்லை என்பதை வெறுமனே ‘எக்ஸ்டிங்க்ட்’ என்று எழுதாதீர்கள். ‘நோ லாங்கர் ஃபவுண்ட் இன் தி டேங்க்’ போதும்.

இன்னும் இரண்டு சிறியவை. ‘ஒன்டைம்’ என்று சேர்த்தெழுதினால் முன்னாள்; நடுவில் கோடு போட்டால் ஒருமுறை மட்டும், ஓடிபியில் வருவதுபோல. இந்த வேறுபாட்டை எல்லாரும் காப்பதில்லை, ஆகவே தவிர்ப்பது மேல். ‘எமெரிட்டஸ்’ என்பது ஓய்வுபெற்ற எல்லாப் பேராசிரியருக்கும் வராது. கல்லூரி வழங்கினால்தான் போடலாம். இல்லாவிட்டால் ‘ரிட்டயர்ட்’. பணிக்காலம் முடியும் முன் விலகியவருக்கு அதுவும் பொருந்தாது, ‘ஃபார்மர்’ தான்.

---

ஊர்மலர் எழுதியது:

அரிசி ஆலையில் இயந்திரங்களை ஏலம் விட்டாயிற்று, சுவரும் புகைபோக்கியும் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கமும் கலைக்கப்பட்டது. ‘தி டிஸ்யூஸ்ட் மில் ஆஃப் தி டிஃபங்க்ட் கோஆபரேட்டிவ் சொசைட்டி’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

ஒற்றெழுத்து எழுதியது:

பொருள் சரி. ஆனால் இரண்டு அடைமொழி ஒரே மூச்சில் வேண்டாம். ‘டிஃபங்க்ட்’ என்பதை எடுத்துவிட்டு, சங்கம் கலைந்த ஆண்டை வாக்கியத்தின் பின்பாதியில் வினையாகச் சொல்லுங்கள்: ‘விச் வாஸ் வவுண்ட் அப் இன்’ என்று போட்டு ஆண்டு. புகைபோக்கி இன்னும் நிற்கிறது என்பதைத் தனி வாக்கியமாக, நிகழ்காலத்தில் எழுதுங்கள். ஊர்க்காரர்கள் தேடுவது அதைத்தான்.

---

வினைமுற்று எழுதியது:

அந்த வாக்கியத்தில் ‘ஸ்டில் ஸ்டாண்ட்ஸ்’. ‘இஸ் ஸ்டில் ஸ்டாண்டிங்’ என்றால் எப்போது விழுமோ என்ற தொனி வந்துவிடும்.

---

ஊர்மலர் எழுதியது:

மாற்றிவிட்டேன். தேருக்கும் பதில் வந்துவிட்டது: நான்கில் மூன்று தேர் இன்றும் ஓடுகிறது, ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் ‘யூஸ்ட் டு’.